மரக் கொட்டகைக்குப் பெயின்ட் அடிக்கும் முன், உரிந்த செதிலைத் திருப்பிப் பாருங்கள்

வாசகர் ஒருவர் கேட்ட கேள்வியின் சாரம் இது. தோட்டத்தில் கருவிகள் வைக்கும் மரக் கொட்டகை ஒன்று இருக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் உயர்ந்த ரகப் பெயின்ட் வாங்கி இரண்டு கை அடித்தும், மதிய வெயில் படும் சுவரில் அது செதில் செதிலாக உரிகிறது. தரையை ஒட்டிய பலகைகளில் கொப்புளம் கிளம்புகிறது. பழைய பூச்சை முழுவதும் சுரண்ட வேண்டுமா, அதன் மேலேயே அடித்துவிடலாமா? எந்தப் பெயின்ட் நீடிக்கும்? ஒரு சனி, ஞாயிறில் வேலையை முடித்துவிட முடியுமா?

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாது. பெயின்ட் அடிக்கிற வேலை ஒன்றரை நாள்தான். அதற்கு முந்தைய வேலை அதைவிட அதிக நேரம் பிடிக்கும். நடுவே மரம் உலர்வதற்குச் சில நாட்கள் சும்மா காத்திருக்கவும் வேண்டும். இரண்டு வார இறுதிகளை ஒதுக்கி, இடைப்பட்ட ஐந்து நாட்களை வெயிலுக்கும் காற்றுக்கும் விட்டுவிடுங்கள். காத்திருக்கும் அந்த ஐந்து நாட்களும் வேலையில் சேர்ந்தவைதான்.

இப்போது சுவரருகே போய், உரிந்து தொங்கும் பெயின்ட்டில் ஒரு செதிலைப் பெயர்த்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். இதைச் செய்யாமல் யாரும் பெயின்ட் வாங்கப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே சாம்பல் நிறத்தில், பஞ்சு போன்ற மெல்லிய நார்கள் ஒட்டியிருந்தால், பெயின்ட் தன் பிடியை விடவில்லை என்று பொருள். மரத்தின் மேல்தோல்தான் மரத்தை விட்டுக் கழன்று வந்திருக்கிறது. பின்பக்கம் சுத்தமாக, வழவழப்பாக இருந்தால் பெயின்ட் மரத்தைப் பிடிக்கவே இல்லை. பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமலோ, ஈரமான பலகையின் மேலோ அடித்திருப்பார்கள். பின்பக்கத்தில் பழைய பெயின்ட்டின் நிறம் தெரிந்து, விரலால் தேய்த்தால் மாவு போலத் தூள் ஒட்டினால், வெயிலில் பொடிந்துபோன பழைய பூச்சைக் கழுவாமல் அதன் மேல் அடித்ததன் விளைவு அது.

மூன்று நோய்க்கும் மருந்து வேறு வேறு. நீங்கள் விவரித்த சுவரில் முதலாவதைத்தான் பார்ப்பீர்கள் என்று நினைக்கிறேன். மர நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருப்பது லிக்னின் என்ற இயற்கைப் பசை. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதைத்தான் முதலில் சிதைக்கின்றன. சிதைந்ததை மழை கழுவிக்கொண்டு போய்விடும். மிஞ்சுவது பிடிப்பில்லாத வெறும் நார். பழைய மரப் பலகைகளில் நாம் காணும் வெள்ளிச் சாம்பல் நிறம் அதுவே. கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும், ஆனால் பெயின்ட்டுக்கு அது புழுதி படிந்த தரை. பலகை சாம்பல் நிறமாக மாறும்வரை கூடக் காத்திருக்கத் தேவையில்லை. வெறும் மரம் சில வாரங்கள் வெயிலில் நின்றாலே பெயின்ட்டின் பிடிப்பு குறையத் தொடங்கிவிடுகிறது. ‘புதுக் கொட்டகையை ஓர் ஆண்டு வெயிலில் விட்டு, மரம் பதப்பட்ட பின் பெயின்ட் அடி’ என்று ஓர் அறிவுரை உலவுகிறது. அது தவறு. மரம் உலர்ந்திருந்தால் கொட்டகையை நிறுத்திய இரண்டு வாரத்துக்குள் பிரைமராவது ஏறிவிட வேண்டும்.

கீழ்ப் பலகைக் கொப்புளம் வேறு விஷயம். ஒன்றைக் கத்தி முனையால் கீறித் திறந்து பாருங்கள். உள்ளே வெறும் மரம் தெரிந்தால், பலகைக்குள்ளிருந்து வெளியேற முயன்ற ஈரம் பெயின்ட்டை மேலே தள்ளியிருக்கிறது. உள்ளே பழைய பெயின்ட் தெரிந்தால், கொதிக்கும் வெயிலில் அடித்ததால் மேற்பரப்பு மட்டும் சட்டென்று காய்ந்து, அடியில் சிக்கிய கரைப்பான் ஆவியாகி எழுப்பிய கொப்புளம். இரண்டாவதற்குத் தேய்த்துவிட்டு நிழலில் அடித்தால் போதும். முதலாவதற்கு, தண்ணீர் எந்த வழியாக உள்ளே போகிறது என்று கண்டுபிடித்தாக வேண்டும். அந்த வழியை அடைக்காமல் உலகிலேயே சிறந்த பெயின்ட்டை அடித்தாலும் அடுத்த மழைக்காலத்தில் அதே இடத்தில் அதே கொப்புளம் எழும்.

தண்ணீர் நுழையும் வழியை இப்படிச் சோதிக்கலாம். பலகையின் அகலமான முகத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். அறுத்த முனையில், வளையங்கள் தெரிகிற அந்த வெட்டுமுகத்தில் இன்னொரு சொட்டு விடுங்கள். முகத்தில் விட்ட சொட்டு முத்தாக நின்றுகொண்டிருக்கும்போதே, முனையில் விட்டது உள்ளே இறங்கிக் கறையாகிவிடும். மரம் என்பது நெடுக அடுக்கிய நுண்ணிய குழாய்களின் கட்டு. வேரிலிருந்து உச்சிக்கு நீரைக் கொண்டுசென்ற பாதைகள் அவை. வெட்டுமுகத்தில் அத்தனை குழாய்களின் வாயும் திறந்து கிடக்கின்றன. கொட்டகையில் இந்த வாய்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்: மூலைகளில் பலகை முடியும் இடம், கதவுப் பலகைகளின் அடிமுனை, ஜன்னல் சட்டத்தின் கால்கள், செங்குத்தாகப் பலகை அடித்த சுவராக இருந்தால் சுவரின் அடிவிளிம்பு முழுவதும். பெயின்ட் அடிப்பவரின் கை போகாத இடங்கள்தாம் எல்லாமே.

என் கொட்டகையின் கதவில் இதைக் கற்றுக்கொண்டேன். முகப்பெல்லாம் கண்ணாடி போல இருந்தது. ஆனால் மூன்றாம் ஆண்டில் கதவு நிலையோடு இறுகிக்கொண்டு, இழுத்தால் அடிப்பலகை கையோடு வந்தது. ஒரு சிறு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்துக் கதவின் அடிப்பக்கத்தைப் பார்த்தேன். ஒரு சொட்டுப் பெயின்ட்கூட அங்கே பட்டிருக்கவில்லை. மரம் கறுத்து, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழும் அளவுக்கு இளகியிருந்தது. அன்றிலிருந்து கதவைக் கீலிலிருந்து கழற்றி, இரண்டு கட்டைகள் மேல் படுக்கவைத்து, அடிவிளிம்புக்கும் மேல்விளிம்புக்கும்தான் முதல் கை அடிக்கிறேன். உங்கள் கதவுக்கும் அந்தக் கண்ணாடிச் சோதனையைச் செய்துவிடுங்கள்.

அடுத்து கொட்டகையைச் சுற்றி ஒரு நடை நடக்க வேண்டும். கீழ்ப் பலகைக்கும் மண்ணுக்கும் இடையே 15 முதல் 20 சென்டிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மண் மேடேறிப் பலகையைத் தொட்டால் வெட்டி எடுங்கள். சுவரோடு சாய்த்து வைத்த விறகு, பூத்தொட்டி, படர்ந்த கொடி எல்லாவற்றையும் ஒரு முழ தூரத்துக்காவது விலக்குங்கள். அவற்றுக்குப் பின்னால் பலகை உலரவே உலராது. தளத்தின் அடிக் கட்டைகளுக்கு இடையே காற்று ஓடும் வழி அடைபட்டிருக்கிறதா? கூரையிலிருந்து சொட்டும் நீர் தரையில் மோதிச் சுவரில் தெறிக்கிறதா? தெறித்தால் சுவரோரம் ஒரு வரிசை சரளைக் கல் பரப்புவது பல ஆண்டுகளுக்கு உதவும். கூரைத் தகடோ விரிப்போ கிழிந்திருந்தால் அதைச் சரிசெய்வதே முதல் வேலை.

பிறகு கையில் ஒரு திருப்புளியை எடுத்துக்கொண்டு, சந்தேகப்படும் இடங்களில் எல்லாம் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் தடுத்து நிறுத்தும். உளுத்த மரம் கேக் போல வழிவிடும். உளுத்த பலகையைப் பட்டி வைத்து மறைக்காதீர்கள். விரல்கடை அளவுப் பள்ளம் என்றால், இளகியதைச் சுரண்டி எடுத்துவிட்டு, உலரவிட்டு, எபாக்சி மரக் கலவையால் நிரப்பலாம். அதற்கு மேல் போனால் பலகையையே மாற்றுவதுதான் நேர்மையான வேலை. மாற்றும் புதுப் பலகைக்கு நான்கு பக்கமும் இரண்டு முனையும் பிரைமர் அடித்த பிறகே ஆணி அடியுங்கள். துருப்பிடித்த சாதா இரும்பு ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, துத்தநாகம் பூசியதோ துருப்பிடிக்காத எஃகோ போடுங்கள். ஆணியைச் சுற்றிக் கருநீலக் கறை தெரிந்தால், அது மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தான டானின் இரும்போடு சேர்ந்து உண்டாக்கிய மை. ஆக்சாலிக் அமிலக் கரைசல் அதை வெளுக்கும். கையுறை, கண்ணாடி அணிந்து பூசி, பின் தாராளமாக அலசிவிட வேண்டும்.

கழுவுவதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. சுவரிலுள்ள கறுப்புப் புள்ளிகள் அழுக்கா, பூஞ்சையா என்று தெரிய, வீட்டில் துணிக்குப் போடும் குளோரின் வெளுப்பு நீரை ஒரு சொட்டு விடுங்கள். ஓரிரு நிமிடத்தில் புள்ளி வெளுத்தால் பூஞ்சை. அப்படியே இருந்தால் அழுக்கு. அழுக்குக்குச் சோப்பு நீரும் தேய்க்கும் பிரஷும் போதும். பூஞ்சையாக இருந்தால் ஒரு பங்கு வெளுப்பு நீருக்கு மூன்று பங்கு தண்ணீர் சேர்த்துப் பூசி, கால் மணி நேரம் விட்டு, நன்றாக அலசுங்கள். பூஞ்சை மேல் பெயின்ட் அடித்தால் அது சாகாது. பெயின்ட்டைத் துளைத்துக்கொண்டு வரும். ஓர் எச்சரிக்கை: வெளுப்பு நீரை அமோனியா கலந்த துப்புரவுத் திரவத்தோடோ எந்த அமிலத்தோடோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. கிளம்பும் வாயு நுரையீரலைக் கெடுக்கும். மேலே சொன்ன ஆக்சாலிக் அமில வேலையையும் இதையும் வெவ்வேறு நாளில் செய்யுங்கள். செடிகளை முன்கூட்டியே தண்ணீரால் நனைத்து மூடிவையுங்கள்.

அழுத்தமாக நீர் பாய்ச்சும் இயந்திரத்தைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். மரக் கொட்டகைக்கு நான் அதை வேண்டாம் என்பேன். மென்மையான நாரைக் கிழித்து மேற்பரப்பைச் சிலிர்க்கவைக்கும். பலகை ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடுக்கு வழியாகத் தண்ணீரை உள்ளே செலுத்தும். அந்த நீர் வெளியேற ஒரு வாரம் ஆகும். தோட்டக் குழாயும் மேலிருந்து கீழாகப் பாயும் நீருமே போதுமானது.

கழுவிய பின்தான் நான் சொன்ன காத்திருப்பு. மரத்தின் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே வந்த பின் பெயின்ட் அடிப்பது நல்லது. இரண்டு ஊசி முனை கொண்ட ஈரமானி சிறு கருவிதான்; ஒன்று கையில் இருந்தால் ஊகமே வேண்டாம். நிழல் விழும் பக்கத்துக் கீழ்ப் பலகையில் குத்திப் பாருங்கள், வெயில் பக்கத்தில் அல்ல. கடைசியாக உலர்வது எதுவோ அதுவே கணக்கு. அழுத்தமூட்டி மருந்தேற்றிய புது மரமாக இருந்தால் இன்னும் பொறுமை வேண்டும். அது தண்ணீரில் ஊறியே கடைக்கு வருகிறது. தண்ணீர் தெளித்தால் முத்தாக நிற்காமல் சில நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டால் பூச்சுக்கு ஆயத்தம் என்று கொள்ளலாம்.

மரம் ஏன் ஈரத்துக்கு இத்தனை மதிப்புத் தருகிறது என்றால், ஈரத்துக்குத் தக்க அது அகலத்தில் வீங்கிச் சுருங்குகிறது. 150 மில்லிமீட்டர் அகலப் பலகை ஒன்று, உலர்ந்த கோடைக்கும் நனைந்த மழைக்காலத்துக்கும் நடுவே 3 மில்லிமீட்டர் வரை அசையும். நீளத்தில் அசைவு இல்லை என்றே சொல்லலாம். ஒட்டிய பெயின்ட்டும் அதோடு சேர்ந்து நீண்டு சுருங்க வேண்டும். எந்தப் பெயின்ட் என்ற கேள்விக்கான பதில் இதற்குள் இருக்கிறது, அதற்கு வருகிறேன்.

சுரண்டுவது. முழுவதும் எடுக்க வேண்டியதில்லை. உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பூச்சு நல்ல அடித்தளம்; அதைப் பெயர்ப்பது வீண் உழைப்பு. எது உறுதி என்று தெரிய, கத்தியால் பெருக்கல் குறி போலக் கீறி, அதன் மேல் பலமான ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். நாடாவோடு செதில் வந்தால் அந்தப் பகுதியைச் சுரண்டியாக வேண்டும். வரவில்லை என்றால் விட்டுவிட்டு உப்புத்தாளால் மினுமினுப்பை மட்டும் மழுக்குங்கள். சுரண்டியை நாரோட்டத்தின் திசையிலேயே இழுங்கள். முனை மழுங்கினால் அரத்தில் ஒரு தீட்டுத் தீட்டிக்கொள்ளுங்கள், மழுங்கிய சுரண்டிதான் மரத்தைக் குதறுகிறது. சுரண்டிய இடத்துக்கும் பழைய பூச்சுக்கும் இடையே படி போல நிற்கும் விளிம்பை 80 எண் உப்புத்தாளால் சரிவாக்கி, 120 எண்ணில் முடியுங்கள். அதைவிட நைசாகத் தேய்க்காதீர்கள். வழவழப்பு மேசைக்கு வேண்டும். வெளிச்சுவருக்கு வேண்டியது பெயின்ட் பற்றிக்கொள்ளச் சற்றுச் சொரசொரப்பு. சாம்பல் நிறம் முற்றிலும் போய், கீழிருந்து புது மரத்தின் மஞ்சளோ செம்மையோ பளிச்சென்று தெரியும்வரை தேயுங்கள். அந்த நிறம் தெரிந்தால்தான் நல்ல நாரை எட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கொட்டகை பழமையானது, எப்போது யார் பெயின்ட் அடித்தார்கள் என்று தெரியாது என்றால் உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயத்தை அமெரிக்கா 1978இல் தடைசெய்தது. இந்தியாவில் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். நாட்டுக்கு நாடு ஆண்டு மாறுகிறது. சந்தேகம் இருந்தால் ஈயத்தைக் காட்டும் சோதனைக் கீற்று வாங்கிப் பாருங்கள். ஈயம் இருந்தால் தண்ணீர் தெளித்துக்கொண்டே ஈரமாகச் சுரண்டி, கீழே விரிப்புப் போட்டுத் துகளை ஒன்றுவிடாமல் சேகரித்து, நுண்தூசி வடிகட்டும் முகமூடியோடு வேலை செய்ய வேண்டும். தீச்சுடரால் உருக்கி எடுக்கவே கூடாது. குழந்தைகளை வேலை முடியும்வரை அந்தப் பக்கம் விடாதீர்கள்; அவர்கள் உடல் ஈயத்தை நம்மைவிட அதிகமாக உறிஞ்சிக்கொள்ளும்.

இனி பிரைமர். வெறும் மரம் தெரியும் எல்லா இடத்துக்கும், தேய்த்த அன்றோ மறுநாளோ ஏறிவிட வேண்டும். பைன் போன்ற மரங்களில் கண் கண்ணாகத் தெரியும் கணுக்களில் பிசின் இருக்கும். வெயில் பட்டால் உருகி, வெள்ளைப் பெயின்ட்டிலும் தேன் நிறத்தில் கசியும். அவற்றின் மேல் மட்டும் முதலில் அரக்கைச் சாராயத்தில் கரைத்த ஷெல்லாக்கை இரண்டு முறை தொட்டுவையுங்கள். செம்மரச் சாயல் கொண்ட டானின் மிகுந்த மரங்களுக்கு, கறையைத் தடுக்கும் எண்ணெய்வகைப் பிரைமர் நல்லது. மற்றவற்றுக்கு நல்ல அக்ரிலிக் பிரைமர், அதாவது தண்ணீர் கலந்த வகை, போதும்.

வெட்டுமுனைகளுக்குத் திரும்ப வருகிறேன், ஏனெனில் கொட்டகையின் ஆயுள் அங்கேதான் தீர்மானமாகிறது. அவற்றில் பிரைமரைத் தடவினால் ஒரு நிமிடத்தில் உறிஞ்சிவிட்டு மறுபடியும் வறண்டு நிற்கும். மீண்டும் தடவுங்கள். அது உறிஞ்சுவதை நிறுத்தி மேலே ஈரம் மினுங்கும்வரை, மூன்று நான்கு முறையானாலும் ஊட்டிக்கொண்டே இருங்கள். பழைய சிறு பிரஷ் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொண்டு, தரையில் படுத்துக் கீழ்விளிம்புகளைக் குத்திக் குத்திப் பூச வேண்டும். முதுகு வலிக்கும் வேலைதான். இந்த ஒரு மணி நேரம் பல ஆண்டுகளைச் சேர்க்கும்.

பட்டி வைப்பது பிரைமருக்குப் பிறகு, முன்பு அல்ல. வெறும் மரம் பட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். பட்டி காய்ந்து உதிரும். ஆணித்தலை, சிறு வெடிப்பு, ஜன்னல் சட்டமும் சுவரும் சேரும் செங்குத்து இடுக்கு ஆகியவற்றை அடையுங்கள். ஆனால் ஒன்றின்மேல் ஒன்றாக ஏற்றி அடித்த கிடைப் பலகைகளின் கீழ்விளிம்பை எக்காரணம் கொண்டும் பசை வைத்து அடைத்துவிடாதீர்கள். எப்படியும் கொஞ்சம் நீர் பின்னால் போகும். அது வடிந்து வெளியேறும் வாசல் அந்த இடுக்கு. காற்றும் அதன் வழியேதான் பலகைக்குப் பின்னால் போய் உலர்த்துகிறது. அக்கறையோடு எல்லா இடுக்கையும் அடைத்த கொட்டகைகளின் உள்ளேதான் அதிகம் உளுத்த பலகைகளைப் பார்த்திருக்கிறேன்.

எந்தப் பெயின்ட்? உங்கள் சுவரில் ஏற்கெனவே பெயின்ட் இருப்பதால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. மரத்துக்குள் ஊறிப்போகும் சாயப்பூச்சான ஸ்டெயின், வெறும் மரத்தில்தான் வேலை செய்யும். பெயின்ட்டின் மேல் அடித்தால் ஒட்டாது. புதுக் கொட்டகையாக இருந்திருந்தால், அதுவும் இழைப்புளி படாத சொரசொரப்பான பலகையாக இருந்தால், நான் ஸ்டெயினையே சொல்லியிருப்பேன். அது உரியாது, மெல்லத் தேய்ந்து மங்கும். இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கழுவிவிட்டு மேலேயே இன்னொரு கை அடிக்கலாம், சுரண்டல் இல்லை. உங்களுக்கு வெளிப்புறத்துக்கான அக்ரிலிக் பெயின்ட்தான் என் பரிந்துரை. மேலே சொன்ன 3 மில்லிமீட்டர் அசைவுக்கு அது வளைந்துகொடுக்கும், ஆண்டுகள் போனாலும் அந்த நெகிழ்வை இழக்காது; உள்ளே தங்கிய ஈரத்தை ஆவியாக ஓரளவு வெளியேயும் விடும். எண்ணெய்வகை எனாமல் பளபளப்பாக, கல் போலக் காயும்; ஆனால் ஆண்டுக்கு ஆண்டு விறைத்து, ஒரு நாள் வெடிக்கும். கதவு நிலைக்கும் உலோகக் கீலுக்கும் எனாமல் சரி, அசையும் சுவருக்கு வேண்டாம்.

நிறத்தில் உங்கள் விருப்பம்தான். கரும்பச்சையும் கருநீலமும் தோட்டத்தில் அழகாக இருக்கும் என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் அடர்நிறம் வெயிலை வாங்கிப் பலகையைச் சூடேற்றுகிறது; அசைவு கூடுகிறது, கணு பிசின் கக்குகிறது. மதிய வெயில் நேராக அறையும் சுவருக்கு வெளிர்நிறமே நீண்ட நாள் நிற்கும்.

அளவைக் கணக்கிட ஓர் எடுத்துக்காட்டு: 2.4 மீட்டருக்கு 1.8 மீட்டர் கொட்டகை, சுவர் உயரம் 2 மீட்டர். சுற்றளவு 8.4, பெருக்கினால் 16.8 சதுர மீட்டர். முக்கோணச் சுவர்களையும் பலகை ஏறும் விளிம்புகளையும் சேர்த்தால் 20 என்று வைத்துக்கொள்ளலாம். இழைத்த பலகையில் ஒரு லிட்டர் ஏறக்குறைய 10 சதுர மீட்டர் வரும். இரண்டு கைக்கு 4 லிட்டர். சொரசொரப்பான பலகை இதைப்போல இரண்டு மடங்குவரை குடிக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட டப்பாக்கள் இருந்தால் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். ஒரே எண்ணுள்ள நிறத்திலும் டப்பாவுக்கு டப்பா சாயல் மாறும், சுவரின் நடுவில் அது கோடாகத் தெரியும். இன்னொன்று: பெயின்ட்டை மிச்சப்படுத்த இழுத்து இழுத்து மெலிதாக அடிக்காதீர்கள். வெயிலைத் தடுப்பது அந்தப் படலத்தின் கனம்தான். டப்பாவில் சொன்ன பரப்பைவிட அதிகம் பரப்பியிருந்தால், சொன்ன ஆண்டுகளை அது தராது.

அடிக்கும் நாளில் வானத்தைப் பாருங்கள். வெப்பம் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலான அக்ரிலிக் பெயின்ட்டில் படலம் சரியாக இணையாது. காலைப் பனி முற்றிலும் உலர்ந்த பின் தொடங்கி, சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே பிரஷைக் கீழே வையுங்கள். காயாத பெயின்ட் மேல் இரவுப் பனி இறங்கினால் மங்கலான திட்டுகள் விழும். வெயிலுக்குப் பின்னாலேயே கொட்டகையைச் சுற்றி வாருங்கள்: வெயில் பட்டு உலர்ந்து, இப்போது நிழலுக்கு வந்துவிட்ட சுவரைப் பிடியுங்கள். உள்ளங்கையைப் பலகையில் வைத்தால் வைத்திருக்க முடியாத சூடு என்றால் அங்கே அடிக்கக் கூடாது.

அக்ரிலிக்குச் செயற்கை இழைப் பிரஷ், எண்ணெய்ப் பெயின்ட்டுக்கு இயற்கை முடிப் பிரஷ். தண்ணீர் கலந்த பெயின்ட்டில் இயற்கை முடி ஊதித் துவண்டுபோகும். மேலிருந்து கீழாக வாருங்கள். ஆனால் சுவரைச் சதுரம் சதுரமாகப் பிரித்து அடிக்காதீர்கள். இரண்டு மூன்று பலகைகளைத் தேர்ந்துகொண்டு, ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை முடித்துவிட்டுத்தான் அடுத்தவற்றுக்கு வர வேண்டும். ஈரமான விளிம்போடு ஈரம் சேர்ந்தால் தடம் தெரியாது. காய்ந்த விளிம்பின் மேல் ஏறினால் அந்தக் கோடு கடைசிவரை நிற்கும். முதலில் ஒவ்வொரு பலகையின் கீழ்விளிம்பையும், பிறகு முகத்தையும் பூசி, கடைசி இழுப்பை நாரோட்டத்தோடு நீளமாக, மென்மையாக இழுத்துவிடுங்கள். ரோலரோ தெளிப்பானோ வைத்துப் பூசுவதானாலும், உடனே பின்னாலேயே ஒருவர் பிரஷால் தேய்த்து உள்ளே ஏற்ற வேண்டும். மேலே படிந்தது போதாது, நாருக்குள் இறங்க வேண்டும்.

ஒன்றுக்குள் ஒன்று கோத்த பலகையாக இருந்தால், நாக்குப் போல நீட்டிய விளிம்புவரை பிரஷை நுழைத்துப் பூசுங்கள். கோடையில் பலகை சுருங்கும்போது, பூசாத அந்த விளிம்பு வெறும் மரக்கோடாக வெளியே வந்து நிற்கும். இதனாலேயே உலர்ந்த நாட்களில், பலகைகள் சுருங்கி இடைவெளி விரிந்திருக்கும்போது அடிப்பது நல்லது.

ஜன்னலில் பெயின்ட் படலம் மரத்தைத் தாண்டிக் கண்ணாடி மேல் 2 மில்லிமீட்டர் ஏறட்டும். அந்த மெல்லிய கோடுதான் கண்ணாடிக்கும் பட்டிக்கும் நடுவே நீர் இறங்காமல் காக்கும். கதவை முதல் சில நாட்கள் முழுவதும் சாத்தாமல் வையுங்கள். அக்ரிலிக் ஒரு மணி நேரத்தில் தொடக் காய்ந்தாலும் உள்ளே இறுக வாரக்கணக்கில் ஆகும். இரண்டு புதுப் பூச்சுகள் அழுந்தினால் ஒட்டிக்கொண்டு, திறக்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். நிலையின் படியும் விளிம்பில் மெழுகுவத்தியைத் தேய்த்துவிட்டால் ஒட்டாது. உட்புறச் சுவருக்குப் பெயின்ட் தேவையில்லை. வெறும் மரமாக விட்டுக் காற்றோட்டம் வையுங்கள், ஈரம் அந்தப் பக்கமாக வெளியேறட்டும்.

ஆளிவிதை எண்ணெய் கலந்த பூச்சு எதையாவது தொட்டிருந்தால், துடைத்த துணிகளைச் சுருட்டிக் கொட்டகையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் காயும்போது வெப்பம் வெளிவரும். சுருட்டிய துணிக்குள் அது வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பற்றும். வெளியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிறைந்த உலோக டப்பாவில் போட்டு மூடிவையுங்கள்.

இப்படிச் செய்த பூச்சு நிழல் சுவர்களில் எட்டு ஆண்டுகூட நிற்கும். வெயில் சுவர் ஐந்தாம் ஆண்டிலேயே கேட்கும், அப்போது அந்த ஒரு சுவருக்கு மட்டும் அடித்தால் போதும். மீந்த பெயின்ட்டை ஒரு சிறு கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி, நிறத்தின் எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, மழைக்காலம் முடிந்த கையோடு, முகக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கதவின் அடியையும் மூலைகளின் வெட்டுமுனைகளையும் கீழ்ப் பலகையையும் பாருங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அந்தக் குப்பியையும் சிறு பிரஷையும் அன்றே எடுங்கள்.